…யேன்

சோம் ஆற்றுக்கு வடக்கே, செங்கல் சுவரோரம்,
முயல் கூண்டுக்குப் பின்னால்
இடுப்பளவில் ஒரு ரோஜாப் புதர்.
ஆண்டுக்கு ஒரே தடவை, ஜூனில் பதினெட்டு நாள்.
மற்ற நாளெல்லாம் வெறும் சுணை.

காம்பில் ஒரு துத்தநாகத் தகடு.
பாதியைக் குண்டுச் சிதறல் தின்றது,
மீதியை மழை நக்கியது.
மிஞ்சியது வால் மட்டும்: யேன்.

பெர்த்தில் இருபது வருடமாகத் தலையைத் தேடுகிறாள்.
ஆத்ரியேன்? லூசியேன்? ஃபாபியேன்?
எவனோ கட்டிக்கொள்ள முடியாத பெண்ணா,
கட்டிக்கொண்டு மறந்தவளா?
எத்தியேன் என்றால் ஆண்.
பாரிசியேன் என்றால் அது யாருமே இல்லை,
பட்டணத்துக்காரி எவளும்.

ஆவணக் காப்பகத்தில் 1829-ஆம் வருட நாற்றங்கால் விலைப்பட்டியல்:
ஊதா. நடுத்தரம். அடர்ந்த இதழ். இரண்டு பிராங்க்.
அதற்கு மேலும் அதே, கீழும் அதே.
ஒரே பக்கத்தில் முப்பத்தோரு ஊதா.
அந்த ஆள் எத்தனை மணிக்குப் பார்த்தான் பூவை?
காலையில் இது நாவற்பழம் தின்ற நாக்கு.
உச்சியில் பேராயரின் இடைக்கச்சு.
மறுநாள், மழைக்கு முந்திய ஸ்லேட்டுக் கூரை.
தாமதமாக எழுந்திருந்தால் சாம்பல் என்றே எழுதியிருப்பான்.
விற்காத பூவுக்கு அடுத்த வருடம் வேறு பெயரும் வைத்திருப்பான்,
அரை பிராங்க் கூட்டி.

சாக்ஸனியிலிருந்து ஹார்ட்விக் வந்தார்,
ஒன்பது மணி நேரம் காரோட்டி,
குளிர்பெட்டிக்குள் ஈரத்துணி சுற்றிய ஒற்றைப் பூவோடு.
அங்கே அதன் பெயர் நீலப் பேராயர்.
அடுக்களை மேசையில் இரண்டு முட்டைக் கிண்ணம், இரண்டு பூ.
புல்லிவட்டத்தை நகத்தால் கீறி மாற்றி மாற்றி முகர்ந்தார்கள்:
பிசின், மிளகு, கொஞ்சம் ஆப்பிள் தோல்.
நடுவில் அதே பச்சைப் பொத்தான்.
ஹார்ட்விக் கண்ணாடியைக் கழற்றினார்.
"என் பேராயர் பட்டம் திருடியவர் போலிருக்கிறதே."
"என்னுடையதற்கு ஞானஸ்நானமே ஆகவில்லை" என்றாள்.
சூப் ஆறிப்போனது.

இலைகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.
ஏழு வாரம். நூற்று எண்பது யூரோ.
பதில்: இரண்டும் ஒன்றே.
எது என்று சொல்ல மூலச்செடி தேவை.
அதன் இலை ஐந்து அனுப்பவும்.

பெர்த்தில் சிரித்தாள், அஞ்சல்காரர் திரும்பிப் பார்க்கும்வரை.

நான் இதை எழுதும் மொழியில்
அந்த வாலுக்கு முன்னே எதை வைத்தாலும்
செடியே வாய் திறக்கிறது:
அறியேன்.
உரியேன்.
எனக்கு இது போதும். பெர்த்திலுக்குப் போதாது,
அவள் தகட்டை மறுபடி வினிகரில் ஊறப்போட்டிருக்கிறாள்.

இந்த மார்ச்சில் சுவருக்கு அடியில் வேரோடி
மோரிசெட்டின் லீக்ஸ் பாத்தியில் நான்கு முளை.
மண்வெட்டியோடு வந்து நின்றார்:
"உங்கள் அது மறுபடி வந்துவிட்டது."
அவர் எப்போதும் அதை அது என்றுதான் சொல்வார்.

நான்கையும் தயிர் டப்பாக்களில் நட்டாள்.
ஒன்றின்மேல் நீலப் பேராயர் என்று எழுதினாள்,
ஒன்பது மணி நேரக் காரோட்டத்துக்கு மரியாதையாக.
இரண்டின்மேல்: சுவருக்கு அந்தப் பக்கம், மார்ச் 9.
பேனாவை மூடுமுன்
நான்காவதை மோரிசெட் கையில் எடுத்திருந்தார்.
பெயர் கேட்கவில்லை.
வெயில் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்.