ஈரப்பதம் பதினேழு

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது.
சரக்கு வண்டிக்கு இன்ஜின் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
கொரடாச்சேரி பஸ்ஸிலிருந்து இறங்கி
தண்டவாளம் தாண்டி வந்தாள் மணிமொழி,
துப்பட்டாவைத் தலையோடு சேர்த்துப் பிடித்தபடி.

அது விலகியதும் நான் எதுவும் கேட்கவில்லை.
பதினாறு வருடமாகத் தலைகள் பார்க்கிறேன்.
உச்சியில் இரண்டு விரல் சொந்த முடி, பாதி நரை.
அதற்குக் கீழே ஒரு சாண்:
முக்கால்வாசி ப்ளீச், வைக்கோல் நிறம்,
நுனியில் பழைய பாக்கெட் கறுப்பு,
அட்டையில் மட்டும் மூலிகையாக இருந்த கறுப்பு,
ப்ளீச்சுக்கும் அசையாமல் துருவாய் நின்றது.

"புதன்கிழமை திருவாரூர் கோர்ட்டு.
தலையைக் கறுப்பாக்கிட்டு வாங்கம்மாங்கிறார் வக்கீல்.
அவங்க பக்கம் போட்டோ எடுத்து வச்சிருக்காங்களாம்.
மருதாணி வச்சு மேல அவுரி போட்டா கறுத்துரும்ல?"

கறுத்துவிடும், வேறு தலையாக இருந்தால்.
மேட்டூர் திறந்த முதல் தண்ணீர்
கடைமடைக்கு வருவதில்லை,
வழியில் உள்ள வெடிப்பெல்லாம் குடித்துவிடும்.
ப்ளீச் கண்ட முடியும் அந்த ரகம்தான்.
நுனியில் என்ன உப்போ,
மருதாணிக்கும் அதற்கும் ஆகுமோ ஆகாதோ.
ஒரு கற்றை வெட்டிக்கொள்கிறேன், என்றேன்,
முதலில் அதில் பார்ப்போம்.

சிரித்தாள்.
கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவள்.
குத்தூசி இறக்கி ஒரு பிடி நெல் எடுத்து
மெஷின் பதினேழு காட்டினால் எடை,
பதினெட்டு காட்டினால் இன்னொரு நாள் வெயிலில் போடு என்று
எத்தனை மீசைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.
"எனக்கே குத்தூசியா?" என்றபடி
காதுக்குப் பின்னால் காட்டினாள்.

நூல் கட்டி வெட்டினேன்.
மருதாணியில் ராத்திரி முழுக்க.
காலையில் அலசி, அவுரியில் இரண்டு மணி நேரம்.

திங்கள் சாயங்காலம்
ட்யூப்லைட்டுக்குக் கீழே வெள்ளைத் துண்டில் வைத்தேன்.
சொந்த நரை கருஞ்சிவப்பு, குறை சொல்ல முடியாது.
வைக்கோல் இருந்த இடம் பச்சை.
நாற்றுப் பச்சை என்று சொன்னால் அழகாக இருக்கும்.
இல்லை,
புளி காணாத செப்புக்குடத்தின் களிம்புப் பச்சை.
நுனியை இழுத்தேன்,
ரப்பராய் நீண்டு அறுந்தது.

டை அடிக்கலாம், என்றேன். புதன் வரை நிற்கும்,
வியாழன் சீப்போடு வரும்.
இல்லையென்றால் இரண்டு விரல் விட்டு வெட்டிவிடலாம்.

"மொட்டையா போனா புத்தி கெட்டுப்போச்சும்பான்.
கறுப்பா போனா பயந்துட்டாம்பான்."
கற்றையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"அந்த வீட்டைவிட்டு வந்த அன்னைக்கு
கண்ணாடியில வேற யாரையாச்சும் பாக்கணும்போல இருந்துச்சு.
வேற ஒண்ணுமில்லக்கா."

ஐம்பது ரூபாய் வைத்தாள்.
சாம்பிளுக்குக் காசு கிடையாது என்றேன்.
"எங்க ஆபீஸ்ல உண்டு" என்று
எடுத்துக்கொள்ளாமலே போனாள்.
பச்சைக் கற்றை
கண்ணாடி ஓரத்தில் ஒட்டுப்பொட்டுகளோடு கிடந்தது.
புதன் முழுக்க
யார் தலையில் கை வைத்தாலும் கண் அங்கேயே போனது.

வியாழன் வந்தாள்.
அதே தலை.
வைக்கோலைப் படிய வாரிப் பின்னி
கனகாம்பரம் வைத்திருந்தாள்.

"ஜட்ஜு லீவு. வாய்தா.
அடுத்த மாசம் பத்தொன்பது."

நாற்காலியில் உட்கார்ந்து
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே
கொஞ்சம் இடம் விட்டுக் காட்டினாள்.
"அதுக்குள்ள இவ்வளவு வளருமா?"

அரை அங்குலம், என்றேன்.

"அப்ப அடியில அவ்வளவு மட்டும் வெட்டு.
வாய்தாவுக்கு வாய்தா வரேன்."

வெளியே கேட் மூடுகிற மணி அடித்தது.
கத்தரியை எடுத்துக்கொண்டே
ஒரு சாணை அரை அங்குலத்தால் வகுத்துப் பார்த்தேன்.
பதினெட்டு.
அவளும் கணக்கில் புலிதான்.
இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.