கேட்குதா

மருத்துவமனைக்குப் பதினோரு மணி நேரம்.
ஒரே ஒருமுறை போனோம்.
காத்திருக்கும் அறையில் குழல்விளக்கு ஒன்று
முனகிக்கொண்டிருந்ததாம்.
எங்களுக்கு அது கேட்கவில்லை.
சீரோவுக்கு வேறெதுவும் கேட்கவில்லை.
அலறினான்.
இருபது நிமிடம் அந்த அலறலைப் பார்த்துவிட்டு
மருத்துவர் ஏதோ எழுதிக் கொடுத்தார்.
திரும்பி வர இன்னொரு பதினோரு மணி நேரம்.

பிறகு கூரையில் டிஷ் வைத்தோம்,
நாற்பது ஆட்டுக் கம்பளியின் விலைக்கு.
வீண் என்று சொன்னவன் நான்தான்.
படகோனியாக் காற்று தகரத்தையே பிய்த்தெறியும்,
ஒரு பெண்ணின் குரலையா விட்டுவைக்கும்?

வியாழன், மாலை நான்கு.
ரொசாரியோவிலிருந்து ஒஃபெலியா.
முதல் வாரம் அவள் பார்த்தது
என் மகனின் ஒரு குதிகாலை மட்டும்.
மேசைக்கடியில், கம்பளி மூட்டைமேல் கிடந்தான்.
பிடித்து இழுக்கக் குனிந்தேன்.
"வேண்டாம், எவாரிஸ்தோ. என்னை உள்ளே அனுப்புங்கள்."
போனைத் தரையோடு தள்ளிவிட்டேன்.

அப்படித்தான்
ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒருத்தி
எங்கள் மேசையின் அடிவயிற்றைப் பார்த்தபடி
வேலையைத் தொடங்கினாள்.
தச்சன் பென்சிலால் எழுதிய பதினான்கு என்ற எண்ணை
அவள்தான் கண்டு வாசித்தாள்.
பதினெட்டு வருடம் அதன்மேல் சாப்பிட்டிருக்கிறேன்.
சீரோவின் விரல் மெல்ல மேலே போய்
எண்ணைத் தொட்டது.
நெலிதா கரண்டியைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

பாடம் பாதி எங்களுக்குத்தான்.
கெட்டிலின் விசிலைக் கழற்றச் சொன்னாள்.
கழற்றினேன்.
இப்போது தண்ணீர் சுண்டிப்போகிறது,
மாத்தே குடிக்க மறுபடி கொதிக்கவைக்கிறோம்.

பல நாள் காற்றே ஜெயிக்கும்.
அவள் முகம் உறைந்துவிடும்,
வாய் பாதி திறந்து, ஒரு கண் மூடி.
நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன்.
சீரோ அப்போதுதான் நெருங்கி வருவான்,
மூக்கு திரையில் உரச.
ஓடிக்கொண்டே இருக்கும் எங்கள் முகங்களுக்கு நடுவில்
நிற்கிற ஒரு முகம்.
நெலிதா இதை அவளிடம் சொன்னாள்.
அடுத்த வியாழன்
ஒஃபெலியா வெகுநேரம் அசையவே இல்லை.
நான் ஏணி போட்டு ஏறி
டிஷ்ஷை ஆட்டிக்கொண்டிருந்தேன்.
கீழே இருவரும் ஒருவரையொருவர்
பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

"கேட்குதா? ஒஃபெலியா, கேட்குதா?"
இந்த வீட்டில் அதிகம் சொல்லப்பட்ட சொல் அதுதான்,
ஜெபத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நவம்பரில் கத்தரிப்பு.
எந்திரச் சத்தத்துக்குப் பயந்து
கொட்டகைப் பக்கமே வராதவன்
அன்று வாசலில் நின்றான்,
காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு.
என் முழங்கால்களுக்கிடையில் ஒரு பெட்டை ஆடு.
அதனிடம் கேட்டானோ, என்னிடம் கேட்டானோ,
ஏழு வயதில், முதல்முறையாக:

"கேட்குதா?"

என் பிடி நழுவியது.
ஆடு பாதிக் கம்பளியை இழுத்துக்கொண்டு
காற்றுக்குள் ஓடியது.
நான் எந்திரத்தை நிறுத்தினேன்.