ஒன்பதாவது கேள்வி

பீல் நகரம், புதன்கிழமை, நான்காம் அறை.
மணிக்கு இத்தனை பிராங்க் என்று
பிறர் வாயைச் சுமப்பவள் நான்.
இன்று வந்தவர் தொப்பியைக் கழற்றியபோது
மேசையில் மணல் கொட்டியது.

பெயர்: ஹார்லன் பிரீச்.
பிறந்த இடம்: நாற்பத்தாறாம் பக்கம், மேல் மூலை.
முகத்தில் இரண்டே நிறம்.
அதிலும் சிவப்பு, மலிவுத் தாளில் கோட்டைத் தாண்டிக்
காதுவரை கசிந்திருந்தது.
தமிழ் தவிர ஒன்றும் தெரியாது.
அவரை அச்சடித்தவர்கள்
வேறெதையும் வாயில் வைக்கவில்லை.

"அம்மணி, அந்தப் பதர்கள் பள்ளத்தாக்கில்
பதுங்கியிருக்கையில் – டுமீல்! –
தரை பிளந்தது. விழித்தால் ரயில் நிலையம்."

டுமீலுக்கு ஜெர்மனில் சொல் தேடி
மூன்று விநாடி திணறினேன்.
'சுடும் ஓசை' என்று தட்டச்சினார் திருமதி எஷ்லிமான்.
அது இல்லை. ஆனாலும் விட்டுவிட்டேன்.

ஒன்பதாவது கேள்வி எல்லோருக்கும் பொது,
வானம் நிறைந்துபோன இந்தப் பத்தாண்டில்:
சிறப்புச் சக்தி எது?
பறத்தல், கண்ணில் தீ, சுவர் ஊடுருவல் –
பொருந்துவதற்கு எதிரே குறியிடுக.

நெடுநேரம் யோசித்தார்.
"குறி தப்பாது" என்றார். பிறகு,
"ஆறு தோட்டா வரைக்கும்."
'மற்றவை' என்ற கட்டத்தில்
அதற்கும் இடம் போதவில்லை.

அப்போது ஜன்னல்கள் அதிர்ந்தன.
நீல மேலங்கிக்காரர் ஒருவர்
ஏரிப்பக்கமிருந்து ஒரு பாரந்தூக்கியை ஏந்தியபடி
யாரையோ துரத்திக்கொண்டு போனார்.
எதிர்க் கட்டடத்தின் மேல்மாடி
பிஸ்கட் போல் உதிர்ந்தது.
தெருவில் சனம் கைதட்டியது.
எஷ்லிமான் கைபேசியை உயர்த்திப் படமெடுத்தார்.
நான் மேசைக்குக் கீழே இருந்தேன்.

யாரும் சொல்லி இறங்கவில்லை.
முழங்கால் தானாக மடங்கியது.
முப்பது வருடமாகிறது.
மேலிருந்து இரைச்சல் வந்தால்
அது காப்பாற்ற வருகிறது என்பதை
என் உடம்புக்கு இன்னும்
மொழிபெயர்க்க முடியவில்லை.

அங்கே, நாற்காலிக் கால்களுக்கிடையில்,
எனக்கு முன்பே குந்தியிருந்தார் ஹார்லன் பிரீச்,
ஒரு கை இடுப்பு உறையில். வெறும் உறை.
துப்பாக்கி வரவேற்பறையில், ரசீதோடு.

"அந்த மாடியில் யார் இருந்தார்கள்?"
"தெரியாது."
"அவனுக்கு?"
"அவருக்கும் தெரியாது."
"என் புத்தகத்தில் பதினேழு பேர் செத்தார்கள், அம்மணி.
பதினேழு முகத்தையும் பார்த்துத்தான்..."
முடிக்கவில்லை. அவருடைய குமிழில்
அதற்குமேல் இடம் விடவில்லை போலும்.

இது பதிவில் இல்லை.
மேசைக்குக் கீழே கதைத்தது
நேர்காணலில் சேராது.

கடிகாரக்காரர்களின் ஊர் இது;
பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு.
மணி அடித்ததும் எழுந்தார்,
கால்களை அகட்டி நின்றார், விரல்கள் விரிந்தன.
பழக்கம்.
எதிரே நகலெடுக்கும் இயந்திரம்.
அது அசையவில்லை.

"முடிவு நிலுவையில்" என்று முத்திரை குத்தினார் எஷ்லிமான்.
இருபது வருடத்தில் முதன்முறையாகச்
சொன்னதைச் சொன்னபடி பெயர்க்காமல்
"தொடரும்" என்றேன்.
தொப்பியின் விளிம்பைத் தொட்டார்.
அந்தச் சொல்லை அவருக்குத் தெரியும்.

வாசல்வரை போனவர் திரும்பி வந்து
குதிரையை எங்கே கட்டலாம் என்று கேட்டார்.
அதையும் கேட்டுச் சொன்னேன்.
அதற்கு வேறு படிவமாம்.