பதினோராவது நிமிடம்

தண்டையார்பேட்டையில் மாவு மில்லுக்கு மேலே
எங்கள் அறை.
மில் நின்ற பிறகுதான்
இதய ஒலிகளைக் கேட்க முடியும்.
தெருமுனையில் கண்டெய்னர் லாரி திரும்பும்போது மட்டும்
இதயத்தை நிறுத்தி வைப்போம்.
நிலோஃபர் ஃபோனைச் சொம்பில் சாய்த்து வைப்பாள்.
நான் நோட்டைத் திறப்பேன்.

காசில்லாமல் கிடைக்கிற பாடங்களுக்கு
மார்க் போடுகிற நோட்டு.
யார் சொல்கிறார், எந்த வருஷம் சொன்னார்,
எதைப் படித்துச் சொல்கிறார்,
யார் காசு கொடுக்கிறார்.
நாலு கட்டம். ஸ்கேல் வைத்துப் போட்டது.

நாற்பது லட்சம் பேர் பார்த்த ஒன்றில்
நீல வெளிச்சத்தில் ஓர் இதயம்
கல்யாண மண்டபத்து மேடைபோல் சுழன்றது.
வால்வு திறக்கும்போதெல்லாம் வயலின்.
கடைசியில் ஒரு டானிக் பாட்டில் வந்து நின்றது.
நாலாவது கட்டத்தில்
நிலோஃபர் ஒரு பாட்டிலை வரைந்து வைத்தாள்.

இன்னொன்றுக்கு நான் ஒன்பது கொடுத்திருந்தேன்.
தோலுக்கு அடியில் கிருமி பரவினால்
சிவக்கும் என்றது. படமும் காட்டியது:
பால் நிறக் காலில்
மாதுளை பிழிந்ததுபோல்.
அப்படியே மனப்பாடம்.

செவ்வாய்க்கிழமை ஓ.பி.க்குத் தேசப்பன் வந்தார்.
காசிமேட்டில் ஐஸ் பார் இறக்குகிறவர்.
முழங்காலுக்குக் கீழே வீக்கம்.
நான் சிவப்பைத் தேடினேன்.
ட்யூப் லைட்டுக்குக் கீழே, ஜன்னல் பக்கம் திருப்பி,
டார்ச் அடித்து.
உப்பும் வெயிலும் ஏறிய அந்தக் கறுப்பில்
சிவப்பு எங்கே போய் உட்காரும்?
"இன்னாம்மா தேடுற? தொட்டுப் பாரு, கொதிக்குது."
புறங்கையை வைத்தேன்.
ஐஸ் தூக்குகிற ஆளின் கால்
அடுப்பாக இருந்தது.

அன்று இரவு ஒன்பதை அடித்தேன்.
பதிலுக்கு என்ன போடுவதென்று தெரியாமல்
அடித்ததை அப்படியே விட்டேன்.

பிறகு இது.
பார்த்தவர்கள் நூற்றுப் பதினேழு.
யாரோ ஒரு டாக்டர், பனியன் தெரிகிற சட்டை,
சுண்ணாம்பு உதிர்ந்த சுவரில் வெள்ளைப் பலகை.
குக்கர் விசில் இரண்டு தடவை.
பதினோராவது நிமிடத்தில் பேனாவை மூடுகிறார்.
"போன பாடத்துல குழந்தைங்களுக்குச் சொன்ன அளவு தப்பு.
அதை அடிச்சிடுங்க.
நான்தான் சரியா பார்க்கல."
மறுபடி பேனாவைத் திறந்து
விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்.

நிலோஃபர் பின்னால் தள்ளி ஓட்டினாள்.
இன்னொரு தடவை.
மூன்று வருஷ வார்டு ரவுண்ட்ஸில்
நாங்கள் கேட்டேயிராத வாக்கியம்.

ஸ்கேலைத் தேடினோம், கிடைக்கவில்லை.
வெறுங்கையால் ஒரு கோடு இழுத்தாள்.
கோணலாக ஐந்தாவது கட்டம்.
அதற்குத் தலைப்பு என்ன என்று
டேட்டா தீரும்வரை சண்டை.

குக்கருக்கு அரை மார்க் குறைத்தேன்.