மாடி இல்லாத வீடு

மூன்றாம் வருடம், அக்டோபர், நூற்றுப் பன்னிரண்டாம் பகுதி.
“ஸ்வெட்டர் எடுத்துட்டு வரேன்” என்று
படியேறினான் பாலிண்ட்.
இன்னும் இறங்கவில்லை.

மேலே போனான் என்று நான் எழுதியிருப்பதை
யாரும் தப்பாகப் படிக்க வேண்டாம்.
செத்ததாக எந்தக் காட்சியும் எடுக்கவில்லை நாங்கள்.
பதினேழு படி. அதற்குமேல் ஒரு பலகை,
பலகையில் முக்காலி, மணல் வாளி.
அவ்வளவுதான் வாரோஷி வீட்டு மாடி.
நடிகனுக்குச் சம்பளத் தகராறு;
பின்பக்க ஏணியில் இறங்கி
எகர் ஊருக்கு ரயிலேறிவிட்டான்.
டயர் கடை வைத்திருப்பதாகக் கேள்வி.

மிஷ்கோல்ட்ஸ் நகரின் பழைய இரும்பாலை,
ஏழாம் கொட்டகை. அங்கே
தட்டுகளை எண்ணுவது என் உத்தியோகம்.
போன காட்சியில் கடிகாரம் எத்தனை மணி,
யார் கையில் எந்தப் பக்கம் கட்டு,
மெழுகுவர்த்தி எவ்வளவு உருகியிருந்தது.
அடுத்த வாரச் சூப்புக்கு
“நாலு தட்டா, அஞ்சா?” என்று கேட்டேன்.
“அஞ்சே இருக்கட்டும். பிறகு பாத்துக்கலாம்.”

பிறகு பாத்துக்கலாம்.
இருபத்தொரு வருடம் எனக்குக் கிடைத்த
ஒரே அருள்வாக்கு.

துப்பாக்கியை மாவு டப்பாவில் புதைத்தாள் மருமகள்.
அந்த மாவில் அப்புறம்
நாற்பது கேக்காவது சுட்டிருப்பார்கள்,
ஒருத்தர் பல்லிலும் இரும்பு தட்டவில்லை.
ஆஸ்பத்திரியில் குழந்தையை மாற்றியது யார் என்று தெரியும்;
எந்தக் குழந்தையோடு என்று
எழுதியவருக்கே தெரியாது. கேட்டேன்,
காபி வாங்கித் தந்தார்.

ஆறாம் வருடம் அப்பா இறந்தார்.
நிஜமாகவே. நடித்தவரும்தான்.
அவர் விட்டுப்போன உறையின் மேல்:
‘பாலிண்ட் கையில் மட்டும்.’
தாயாக வந்த எதெல்கா அதை
ஏப்ரன் பையில் பதினைந்து வருடம் சுமந்தாள்.
மகன் மாடியில்தான் இருக்கிறான்.
பதினேழு படி ஏறினால் கொடுத்துவிடலாம்.
ஏறினால்
மாடி இல்லை என்று தெரிந்துவிடும்.
ஆகையால் படியடியில் நின்று,
உறையைத் தொட்டு, அழுதாள்.
வாரம் ஒருமுறை. வெள்ளிக்கிழமை என்றால் இருமுறை.

தொடரை நிறுத்தியது ஒரு தொலைபேசி அழைப்பு.
அப்போது மருமகள் கையில் ஒரு கரண்டி,
வாயில் பாதி வாக்கியம்: “எனக்கு எல்லாம் தெரியும், அந்த...”
அந்த.
என் குறிப்பேட்டில் அதற்குப் பக்கத்தில்
ஒரு கமா போட்டு வைத்திருக்கிறேன்.

வீட்டைப் பிரித்த அன்று ஆட்கள்
படிக்கட்டை ஒரே துண்டாகத் தூக்கிப் போனார்கள்,
இழவு வீட்டுப் பெட்டி மாதிரி, ஆறு பேர்.
உறை எனக்கு வந்தது. யாரும் கேட்கவில்லை.
சமையலறையில் ஆவி காட்டிப் பிரித்தேன்.
உள்ளே
கேன்டீன் பட்டியல்:
வியாழன் லெச்சோ, வெள்ளி மீன் சூப்,
முட்டைக்கோஸ் தீர்ந்துவிட்டது.

எதெல்காவைக் கூப்பிட்டேன்.
எப்படிச் சொல்வது என்று நான் மென்று விழுங்க,
“லெச்சோவா?” என்றாள்.
“முதல் நாளே பாத்துட்டேன்.
திரும்ப ஒட்டினதும் நான்தான்.”
கொஞ்சம் பொறுத்து,
“அழறதுக்கு அது போதாதா?” என்றாள்.
கேலியா என்று இன்றுவரை தெரியாது.
அதுவும் குறிப்பில் இருக்கிறது.

ஓஸ்து ஊரிலிருந்து ஒரு பெண்மணி
ஒவ்வொரு அக்டோபரிலும் தபாலட்டை அனுப்புவார்.
சிடுசிடுப்பான கையெழுத்து. ஒரே கேள்வி:
‘பையனுக்கு ஸ்வெட்டர் கிடைத்ததா?’
பதினெட்டு அட்டை. யாரும் பதில் போட்டதில்லை,
அது என் இலாகா இல்லை.

இந்த அக்டோபரிலும் வந்தது,
தொடர் நின்று ஏழு மாதம் கழித்து.

தபால்தலை ஒட்டி எழுதினேன்:
கிடைத்தது அம்மா.
பச்சை. இடது முழங்கையில் ஒட்டு.

பெட்டியில் போடுமுன்
குறிப்பேட்டைத் திறந்து,
பகுதி நூற்றுப் பன்னிரண்டு,
அதையும் ஏற்றினேன்.
இடது முழங்கை.
இனி யாரும்
வலது என்று சொல்லிவிடக் கூடாது.