கெ. தேனம்மா

கல்லில் ஓர் எழுத்துக்கு நூற்றைம்பது ரூபாய் என்றார்
அப்புத்தளைச் சந்தியில் பட்டறை வைத்திருக்கும் சகாயம்.
பெயர்?
ஸ்டெய்னுன்.
உளியைக் கீழே வைத்துவிட்டார்.

ஐஸ்லாந்துக்காரி என் அம்மாயி.
தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தாதியாய் வந்த புதிதில்
பிள்ளை வலியில் யாரோ ஒருத்தி
தேனு, தேனு என்று கத்தினாளாம்.
அதுவே நிலைத்தது.
பேசியதெல்லாம் லயத்துத் தமிழ்.
பிறந்த பாஷை வந்தது
காசு எண்ணும்போதும் காய்ச்சலிலும்தான்.

தேத்தண்ணியில் சீனி கரைக்கமாட்டாள்.
கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு
அதன் வழியே உறிஞ்சுவாள்.
மார்கழிக்கு நாங்கள் முக்காடு போட்டால்
இதுவா குளிர் என்பாள்,
வெறுங்காலோடு, கதவைத் திறந்து போட்டபடி.
போன தையில் இரண்டாவது கம்பளி கேட்டாள்.
எடுத்துக் கொடுக்கும்போதே
எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா பேராவது சொல்லுங்க, என்றார் சகாயம்.
கெத்தில்.
கேத்தலா?
அர்த்தமும் அதுதானாம். மீனுக்குப் போனவர்,
படகு மட்டும் வந்தது.
அவர்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது,
அப்பா பெயர்தான்.

அப்ப நம்மளப் போலத்தானே,
என்று உளியை எடுத்தார்.
மூடுபனி பட்டறைக்குள் வந்து
கல்லை நனைத்தது; துடைத்துத் துடைத்து வெட்டினார்.
எழுத்துகளை எண்ணிக் காசு வாங்கினார்,
கெ-க்குப் பின்னால் வைத்த புள்ளிக்கு
வாங்கவில்லை.