இரண்டு டம்ளர்

ஒரே கூடைதான்.
கோயம்பேட்டில் விடிவதற்குள் வாங்கி
ஆட்டோவில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்த
கம்பத்துப் பன்னீர்த் திராட்சை, பன்னிரண்டு கிலோ.
ஆறு நோரீனுக்கு, பெரம்பூர்.
ஆறு அவள் நாத்தனார் கோரலுக்கு, பரங்கிமலை.

சர்க்கரை ஒரே எடை. கிராம்பு எண்ணிப் போட்டது.
கைப்பிடிக் கோதுமைகூட ஒரே பொட்டலத்தில் பிரித்தது.
இருபத்தொரு நாள்
காலையும் மாலையும் மரக்கரண்டி.

நடுவில் ஒரு புயல்.
பெரம்பூரில் இரண்டு ராத்திரி கரண்ட் இல்லை.
இருட்டில் பீங்கான் ஜாடி மட்டும்
வேட்டித் துணிக்கடியில்
யாரையோ திட்டிக்கொண்டிருந்தது.

நான் மாடி வீட்டுக்காரன்.
குடிநீர் வாரியத்தில் தண்ணீரைச் சோதிக்கிற வேலை;
அதனால் தீர்ப்பும் என் தலையில்.

கோரலுடையது
கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த பிள்ளை:
அடக்கமான இனிப்பு, பின்னால் கொஞ்சம் இரும்பு,
விமானம் தாழப் பறந்தாலும் அசையாத நிறம்.

நோரீனுடையது நாக்கில் பட்டதுமே
சண்டைக்கு வந்தது.
புளிப்பு, அவசரம்,
லோகோ ஷெட் பக்கத்து நவம்பர்ப் புழுக்கம்,
அடித்தொண்டையில்
(சொன்னால் சிரிப்பார்கள்)
கொதித்தும் போகாத குளோரின்.

"எது ஒசத்தி?"
இரண்டு பேரும் முகத்தையே பார்த்தார்கள்.

கம்பம் இரண்டிலும் இருக்கிறது,
கல்யாணத்துக்கு மட்டும் வரும் சொந்தக்காரர் மாதிரி.
மற்றதெல்லாம் பின்கோடு, என்றேன்.

நோரீன் என் டம்ளரைப் பிடுங்கி
மோந்து பார்த்தாள்.
"அன்னிக்கி லாரி லேட்டு மேன்,"
என்றாள்,
மீதியைத் தானே குடித்துவிட்டு.